நாற்பது விசை, பதின்மூன்று கம்பி: பழைய வீட்டுக் கணினியின் விசைப்பலகையைச் சீர்செய்வது எப்படி?

கணினி நன்றாகத்தான் இருக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் திரையில் எழுத்து தெரிகிறது. ஆனால் விசைப்பலகையில் ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யவில்லை. அந்த ஒரு விசைக்காக முழுக் கணினியும் பயனற்றுப் போகுமா?

சில கணினிகளில் போகும். பிரிட்டனில் 1982 ஏப்ரலில் அறிமுகமான சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் அதற்கு நல்ல உதாரணம். அதில் நிரல்கள் ஒலிநாடாவில்தான் சேமிக்கப்பட்டன. நாடாவில் இருப்பதைக் கணினிக்குள் ஏற்ற ‘லோட்’ என்ற கட்டளை வேண்டும். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்ய முடியாது. ‘ஜே’ விசையை ஒரு முறை அழுத்தினால் முழுச் சொல்லும் திரையில் வந்துவிடும். நினைவகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு அது. ஆகவே ஜே விசை செயலிழந்தால் ‘லோட்’ இல்லை. ‘லோட்’ இல்லையென்றால் நாடாவில் இருக்கும் எதுவும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் பல இரவுகள் விழித்து எழுதிய நிரல் அந்த நாடாவில் இருக்கலாம். கதவு திறக்காததற்குப் பூட்டில் உள்ள ஒரு பல் மட்டுமே காரணம்.

இப்படிப்பட்ட கணினிகளைப் பலர் “சில்லு போய்விட்டது” என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பழுது பெரும்பாலும் சில்லில் இருப்பதில்லை. எங்கே இருக்கிறது என்பதைத் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பே, ஒரு தாளும் பென்சிலும் கொண்டு ஓரளவு சொல்லிவிட முடியும். அதற்குத் தேவையான அறிவியல் இடைநிலைப்பள்ளி மின்னியல் பாடத்தைத் தாண்டாதது. எப்படி என்று பார்ப்போம்.

நாற்பதுக்கு ஏன் நாற்பது கம்பி இல்லை?

ஸ்பெக்ட்ரமில் 40 விசைகள். நான்கு வரிசை, வரிசைக்குப் பத்து. ஒவ்வொரு விசையும் ஒரு சாதாரண மின்விசைதான். அழுத்தினால் சுற்று மூடும், விட்டால் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி இழுத்தால் 40 கம்பியும் பொதுவாக ஒரு கம்பியும் சேர்த்து 41 தேவைப்படும். வெறும் 125 பவுண்டில் விற்பனையைத் தொடங்கிய கணினிக்கு அது கட்டுப்படியாகாது.

பொறியாளர்கள் விசைகளை ஓர் அணியாக அடுக்கினார்கள். கணிதப் பாடத்தில் வரும் அணியேதான். ஒரு பக்கம் 8 கம்பிகள், மறுபக்கம் 5 கம்பிகள். எட்டுக் கம்பிகளில் ஒன்றும் ஐந்து கம்பிகளில் ஒன்றும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசை. 8 பெருக்கல் 5, நாற்பது விசை. ஆனால் கம்பிகளோ 8 கூட்டல் 5, பதின்மூன்றுதான்.

எட்டுக் கம்பிகளும் அரை வரிசைக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1 முதல் 5 வரை ஒரு கம்பி. 6 முதல் 0 வரை இன்னொரு கம்பி. இப்படி நான்கு வரிசைக்கும் இடப்பாதி, வலப்பாதி என்று எட்டு.

ஐந்து கம்பிகளின் அமைப்புதான் சுவையானது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல அது இரு பக்கமும் ஒத்துப்போகிறது. இடப்பக்க ஓரத்தில் உள்ள நான்கு விசைகளும் வலப்பக்க ஓரத்தில் உள்ள நான்கு விசைகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓரத்திலிருந்து இரண்டாவதாக உள்ள எட்டு விசைகளுக்கு அடுத்த கம்பி. இப்படியே உள்நோக்கிப் போனால், பலகையின் நட்ட நடுவில் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் எட்டு விசைகளுக்கு ஐந்தாவது கம்பி.

கணினி இதை எப்படிப் படிக்கிறது? ஸ்பெக்ட்ரமின் மூளையான இசட்-80 செயலி விநாடிக்கு 50 முறை விசைப்பலகையைப் பார்வையிடுகிறது. ஒவ்வொரு முறையும் எட்டுக் கம்பிகளில் ஒன்றை மட்டும் தாழ்ந்த மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்து, ஐந்து கம்பிகளில் எது தாழ்ந்திருக்கிறது என்று பார்க்கும். பிறகு அடுத்த கம்பி, பிறகு அதற்கடுத்தது. ஆசிரியர் வகுப்பில் வரிசை வரிசையாகப் பெயர் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுப்பது போன்றது இது. நம் விரல் ஒரு விசையைத் தொட்டு எடுப்பதற்குள் கணினி பலமுறை வருகைப்பதிவு எடுத்து முடித்திருக்கும்.

ஜே விசைக்கு மூன்று நோய்கள்

இப்போது நம் ஜே விசைக்கு வருவோம். அது மூன்றாம் வரிசையின் வலப்பாதியில் இருக்கிறது. அதே பாதியில் அதன் கூட்டாளிகள் ஹெச், கே, எல், என்டர் ஆகிய நான்கும். ஐந்து கம்பிகளில் அதற்குரிய கம்பியைப் பகிர்ந்துகொள்பவை 4, 7, ஆர், யூ, எஃப், சி, என் ஆகிய ஏழும்.

ஜே வேலை செய்யவில்லை என்றால் உடனே மற்ற விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். நாற்பது கட்டம் வரைந்து, வேலை செய்வதற்குச் சரி, செய்யாததற்குப் பிழை என்று குறியுங்கள். ஷிஃப்ட் விசைகளை மட்டும் வேறொரு விசையோடு சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, ஹெச், ஜே, கே, எல், என்டர் ஐந்தும் சேர்ந்து செயலிழந்திருக்கின்றன. மற்ற அனைத்தும் நலம். அப்படியானால் ஐந்து விசைகளும் ஒரே நாளில் தனித்தனியாகக் கெட்டுப்போயின என்று நம்புவது அறிவுக்குப் பொருந்தாது. ஐந்துக்கும் பொதுவான ஒரே பொருள் அந்த அரை வரிசையின் கம்பி. எட்டில் ஒன்று அறுந்திருக்கிறது.

இரண்டாவது, 4, 7, ஆர், யூ, எஃப், ஜே, சி, என் என்று எட்டு விசைகள் சிதறலாகச் செயலிழந்திருக்கின்றன. முதல் பார்வைக்கு இதில் ஒழுங்கே தெரியாது. “பலகை முழுக்கக் கெட்டுவிட்டது” என்று முடிவுகட்டத் தோன்றும். கட்டம் வரைந்து பார்த்தால்தான் இடமும் வலமும் ஒத்த இரண்டு நெடுங்கோடுகள் கண்ணில் படும். ஐந்து கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது.

மூன்றாவது, ஜே மட்டும் தனியாகச் செயலிழந்திருக்கிறது. கம்பிகள் இரண்டும் நலம் என்பதற்கு மற்ற விசைகளே சாட்சி. பழுது அந்த ஒரு சந்திப்பில்தான்: தூசு, கறை, தேய்மானம், அல்லது அந்த இடத்துக்குப் போகும் கிளைத்தடத்தில் வெடிப்பு.

ஒரே அறிகுறி, மூன்று காரணங்கள், மூன்று வெவ்வேறு சிகிச்சைகள். மருத்துவர் நாடி பார்த்து நாலு கேள்வி கேட்ட பிறகே மருந்து எழுதுகிறார். கணினிக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம்.

அழுத்தாமலே எழுத்து வந்தால்?

சில கணினிகளில் நோய் நேர் எதிராக இருக்கும். தொடாமலேயே எழுத்துகள் ஓடும். அல்லது அழுத்தாத விசையின் எழுத்தும் சேர்ந்து வரும். சுற்று திறக்கவேண்டிய இடத்தில் மூடியே கிடக்கிறது என்று இதற்குப் பொருள். விசை உள்ளே சிக்கியிருக்கலாம். சிந்திய தேநீரின் சர்க்கரைப் படிவு ஈரத்தை இழுத்து இரண்டு தடங்களை இணைத்திருக்கலாம்.

ஆனால் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். எந்தப் பழுதும் இல்லாமலே அணி நம்மை ஏமாற்றும். ஸ்பெக்ட்ரமில் 1, 4, 7 மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நீங்கள் தொடாத 0 விசையும் அழுத்தப்பட்டதாகக் கணினி நினைக்கும். காரணம், இந்த நான்கும் அணியில் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள். மூன்று மூலைகளில் சுற்று மூடினால் மின்னோட்டம் அவற்றின் வழியாகவே சுற்றிச்சென்று நான்காவது மூலையை அடைந்துவிடும். ஒவ்வொரு விசைக்கும் தனி டயோடு வைத்தால் இதைத் தடுக்கலாம். 40 டயோடுகள் கூடுதல் செலவு என்பதால் அன்று வைக்கவில்லை. ஆகவே ஏதேனும் ஒரு விசை சிக்கி மூடியே கிடந்தால், அதன் விளைவு வேறொரு விசையில் தெரியலாம். முதலில் சிக்கிய விசையை விடுவித்துவிட்டு, பிறகு கட்டம் வரையுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்பெக்ட்ரமின் விசைப்பலகையை உரித்துப் பார்த்தால் மேலிருந்து கீழாக மூன்று பொருள்கள். எழுத்துகள் அச்சிட்ட உலோக முகப்பு. அதன் துளைகள் வழியே எட்டிப்பார்க்கும் ரப்பர் விரிப்பு. அதற்கடியில் மெம்பிரேன் எனப்படும் சவ்வு. கணினி வரலாற்றில் கேலிக்கும் பாசத்துக்கும் ஒருங்கே ஆளான அந்த ரப்பர் விசைகள் உண்மையில் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. கீழே உள்ள சவ்வை அழுத்துவது மட்டுமே அவற்றின் வேலை.

சவ்வு என்பது பாலியஸ்டர் தாள்களின் அடுக்கு. மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்கடத்தும் மையால் தடங்கள் அச்சிடப்பட்டிருக்கும். நடுத்தாள் இரண்டையும் பிரித்து வைக்கும். ஒவ்வொரு விசைக்கும் நேராக அதில் ஒரு துளை. விரல் அழுத்தும்போது மேல்தாள் துளை வழியே வளைந்து கீழ்த்தாளைத் தொடும். சுற்று மூடும்.

சவ்விலிருந்து இரண்டு வால்கள் கீழிறங்கி, கணினிப் பலகையில் உள்ள இரண்டு செருகிகளுக்குள் நுழைகின்றன. ஒரு வாலில் 5 தடங்கள், மற்றதில் 8 தடங்கள். நம் பதின்மூன்று கம்பிகள் இவைதாம். நீங்கள் வரைந்த கட்டம் எந்த வாலைக் குற்றம் சாட்டுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். ஐந்து விசைகள் சேர்ந்து செயலிழந்தால் எட்டுத் தட வால். எட்டு விசைகள் சேர்ந்து செயலிழந்தால் ஐந்து தட வால்.

வால்தான் இந்தக் கணினியின் மிகப் பலவீனமான உறுப்பு. புதிதாக இருந்தபோது அது தாள்போல் வளையும். நாற்பது ஆண்டுகளில் பிளாஸ்டிக் விறைத்துவிட்டது. போதாக்குறைக்கு, 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் மின்னழுத்தச் சீராக்கி உள்ளே இருந்து சூட்டைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். வால் வளையும் இடத்தில், குறிப்பாகச் செருகிக்குச் சற்று மேலே, மயிரிழை வெடிப்பு விழுகிறது. தாள் அறுந்தது போலவே தெரியாது. ஆனால் அதன் மேல் இருக்கும் மை அறுந்திருக்கும்.

மையில் பெரும்பாலும் வெள்ளித் துகள்கள் கலந்திருக்கும். வீட்டில் குத்துவிளக்கோ கொலுசோ வெள்ளியில் இருந்தால் அது கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கும் சிறிதளவு கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து வெள்ளி சல்பைடு ஆவதே அந்தக் கறுப்பு. ஈரப்பதம் அதிகமுள்ள நம் நாட்டில் இந்த வினைக்கு இன்னும் வசதி. பழைய கணினியைப் பரணில் போடாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் வைப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

திறக்கும் முறை

முதலில் மின்சாரம். ஸ்பெக்ட்ரமுக்குள் வீட்டு மின்சாரம் நேரடியாக வராது. வெளியே உள்ள தகவமைப்பான் வழியாக 9 வோல்ட்தான் வரும். இருந்தாலும் இணைப்பைக் கழற்றிவிட்டே திருப்புளியைத் தொடுங்கள். பிபிசி மைக்ரோ போன்ற சில கணினிகளில் மின்வழங்கி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அவற்றை மாணவர்கள் தனியாகத் திறக்கக் கூடாது.

இன்னோர் எச்சரிக்கை. ஸ்பெக்ட்ரமின் மின்செருகியில் நடுமுனை எதிர்மின், வெளிவளையம் நேர்மின். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான தகவமைப்பான்கள் இதற்கு நேர்மாறானவை. “9 வோல்ட் தானே” என்று கைக்குக் கிடைத்ததைச் செருகினால், விசைப்பலகைப் பழுது கணினிப் பழுதாக மாறிவிடும்.

அடியில் உள்ள திருகுகளைக் கழற்றியதும் மேல்மூடியை வேகமாகத் தூக்காதீர்கள். மேல்மூடியையும் கீழ்ப்பலகையையும் அந்த இரண்டு வால்களே இணைக்கின்றன. பல வால்கள் அறுவது முதுமையால் அன்று, இந்த நொடியில்தான். மூடியைச் சிறிது தூக்கி, வாலைச் செருகிக்கு அருகில் பிடித்து, நேர்மேலாக இழுத்து எடுங்கள். சாய்க்கவோ ஆட்டவோ வேண்டாம்.

பிறகு வாலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் தடத்தின் குறுக்கே மெல்லிய கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மல்டிமீட்டரை மின்தடை அளவில் வையுங்கள். ஒரு முனையை அந்த விசைக்குரிய எட்டுத் தட வாலின் தடத்திலும், மறுமுனையை ஐந்து தட வாலின் தடத்திலும் வைத்து, விசையை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தாதபோது முடிவிலியாக இருக்கும் தடை, அழுத்தியதும் சரிந்து விழ வேண்டும். எவ்வளவுக்கு விழ வேண்டும் என்பதற்கு அதே பலகையில் நன்றாக இயங்கும் விசையே அளவுகோல். அதன் எண்ணோடு ஒப்பிடுங்கள். மல்டிமீட்டரின் கூர்முனையால் மையைக் கீறிவிடாமல் மெல்லத் தொடுவது முக்கியம்.

சரிசெய்யும் வழிகள்

வெடிப்பு வாலின் நுனியிலேயே இருந்தால் ஓர் எளிய வழி உண்டு. கூரான கத்தரிக்கோலால் நுனியில் சில மில்லிமீட்டரை நேராக வெட்டி நீக்கிவிட்டு, நல்ல பகுதியைச் செருகியில் நுழைக்கலாம். வால் நீளம் குறைவு என்பதால் இதை ஒரு முறைதான் செய்ய முடியும். வெட்டும் முன், குறைந்த நீளத்துக்கு வால் செருகியை எட்டுமா என்று அளந்து கொள்ளுங்கள். இது தற்காலிக வழி. விறைத்த பிளாஸ்டிக் விறைத்ததுதான். அடுத்த முறை திறக்கும்போது வேறோர் இடத்தில் வெடிக்கும்.

வெடிப்பைப் பற்றாசு வைத்து இணைக்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. பற்றுக்கோலின் நுனி சாதாரணமாக 300 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும். பாலியஸ்டர் சுமார் 250 பாகையிலேயே உருகிவிடும். தடம் இணையும் முன் தாள் சுருண்டுவிடும். மின்கடத்தும் வெள்ளிப் பூச்சைத் தடவினால் சில நாள் ஓடலாம். வளையும் இடத்தில் அந்தப் பூச்சும் மறுபடி வெடிக்கும்.

நிரந்தரத் தீர்வு புதிய சவ்வு. ஸ்பெக்ட்ரமுக்கு மகிழ்ச்சியான செய்தி என்னவென்றால், அதன் சவ்வுகள் இன்றும் புதிதாகத் தயாரிக்கப்படுகின்றன. மாற்றும்போது கவனிக்க வேண்டியது உலோக முகப்பு. அது ஒட்டுப்பட்டையால் ஒட்டப்பட்டிருக்கும். முடி உலர்த்தியால் மிதமாகச் சூடேற்றி, ஒரு மூலையிலிருந்து பொறுமையாக நெம்பினால் வளையாமல் வரும். அவசரப்பட்டால் முகப்பு மடங்கும். மடிந்த உலோகம் பழைய சமதளத்துக்குத் திரும்பாது.

1984-இல் வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸில் ரப்பருக்குப் பதில் கடினமான விசைகள். எண்ணிக்கையும் 58. ஆனாலும் அணி அதே எட்டுக்கு ஐந்துதான். கூடுதல் விசைகளில் பல, பழைய இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்துவதற்குச் சமம். அதனால் அதற்கும் இதே கட்டம் உதவும்.

புதிய சவ்வு போட்டும் அதே விசைகள் இயங்கவில்லையா? அப்போதுதான் கணினிப் பலகையில் உள்ள டயோடுகள் மீதும் சில்லின் மீதும் சந்தேகம் வர வேண்டும். எளியதை முதலில் சோதி, கடினமானதைக் கடைசியில் சோதி என்பது பழுது பார்ப்போரின் பொதுவிதி.

கொமடோர் 64: வேறு உடல், அதே உத்தி

அமெரிக்காவில் அதே 1982-இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியில் 66 விசைகள். அணி எட்டுக்கு எட்டு. ஆக 64 இடங்கள், 16 கம்பிகள். மீதி இரண்டு விசைகள் எங்கே போயின? ‘ஷிஃப்ட் லாக்’ இடப்பக்க ஷிஃப்ட் விசையோடு பக்க இணைப்பில் இருக்கிறது. ‘ரெஸ்டோர்’ அணிக்குள்ளேயே இல்லை. அது தனிக்கம்பியில் செயலியின் குறுக்கீட்டுச் சுற்றுக்குப் போகிறது. ஆகவே ரெஸ்டோர் இயங்குகிறதா இல்லையா என்பது அணியைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாது. எல்லாம் ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தியது போலவே வந்தால் இடப்பக்க ஷிஃப்டைத் திட்டுவதற்கு முன் ஷிஃப்ட் லாக் கீழே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே சவ்வு இல்லை. ஒவ்வொரு விசையின் தண்டின் அடியிலும் கரி கலந்த ரப்பர் பொத்தான் ஒன்று இருக்கும். விசையை அழுத்தினால் அது மின்சுற்றுப் பலகையில் உள்ள இரண்டு தொடுதளங்களை இணைக்கும். இதில் வரும் பழுது பெரும்பாலும் அறுபடுவது அன்று. மெல்ல மெல்ல மங்குவது. பலமாக அழுத்தினால் வருகிறது, மெதுவாக அழுத்தினால் வரவில்லை என்பார்கள். இதற்கு ஓமின் விதியில் விடை இருக்கிறது.

கணக்குக்கு எளிதாக, ஒரு கம்பி 10,000 ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விசையை அழுத்தினால் அது சுழி வோல்ட்டோடு இணைகிறது. தொடுதலின் தடை 100 ஓம் என்றால் கம்பியில் இருப்பது சுமார் 0.05 வோல்ட். தொடுதல் அழுக்கேறி 1,000 ஓம் ஆனால் சுமார் 0.45 வோல்ட். டி.டி.எல். வகைச் சில்லுகள் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதைத் தாழ்வு என்றும், 2 வோல்ட்டுக்கு மேலே இருப்பதை உயர்வு என்றும் எடுத்துக்கொள்ளும். இதுவரை கவலையில்லை. தொடுதலின் தடை 10,000 ஓம் ஆகிவிட்டால்? கம்பியில் 2.5 வோல்ட். நீங்கள் விசையை அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள்; கணினியோ யாரும் அழுத்தவில்லை என்கிறது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழும்போதுதான் சில நேரம் வரும், சில நேரம் வராது என்ற கண்ணாமூச்சி. பலமாக அழுத்தினால் தொடும் பரப்பு கூடித் தடை குறைகிறது; அதனால்தான் அப்போது மட்டும் வேலை செய்கிறது.

மருந்து, சுத்தம். பலகையின் பின்புறம் உள்ள சிறு திருகுகள் பலவற்றைக் கழற்ற வேண்டும். ஷிஃப்ட் லாக் விசைக்குப் போகும் கம்பிகள் பற்றாசால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றை விடுவித்த பிறகே பலகை பிரியும். தொடுதளங்களையும் கரிப் பொத்தான்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் மெல்லத் துடையுங்கள். முழுக்க உலர்ந்த பிறகே மூடுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்; சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கரியும் தொடுதளப் பூச்சும் உரிந்துவிடும். நகச்சாயம் நீக்கும் அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். கணினிப் பெட்டியின் பிளாஸ்டிக்கை அது கரைக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும் துருநீக்கி எண்ணெயும் வேண்டாம். அது விட்டுச்செல்லும் பிசுபிசுப்பில் தூசு படிந்து, நோய் திரும்பி வரும். துடைத்தும் பயனில்லை என்றால், கரிப் பொத்தானே தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன் நுனியில் மின்கடத்தும் கிராஃபைட் பூச்சை மெல்லிதாகத் தடவி உலர விடலாம்.

கொமடோரில் தானாக எழுத்து ஓடினால், பெட்டியைத் திறக்கும் முன் முதலாம் துறையில் செருகியிருக்கும் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிவிடுங்கள். விசைப்பலகையும் ஜாய்ஸ்டிக்கும் 6526 என்ற ஒரே சில்லின் கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஜாய்ஸ்டிக்கில் உள்ள கோளாறு விசைப்பலகைக் கோளாறாக வேடம் போடும்.

உங்கள் வீட்டிலேயே ஒரு பயிற்சிக்கூடம்

ஸ்பெக்ட்ரமும் கொமடோரும் எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆனால் தொலைக்காட்சி ரிமோட் இருக்கும். அதற்குள்ளும் இதே அணிதான். கரி ரப்பர் பொத்தான்கள்தான். ஒலியைக் கூட்டும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அடிக்கடி அழுத்தித் தேய்ந்துபோன ஒரு சந்திப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு பொத்தான்கள் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன என்றால் அவற்றுக்குப் பொதுவான ஒரு தடம். கணக்கிடும் கருவியிலும் இதே கதைதான். எறியப்போகும் ரிமோட் ஒன்றைக் கேட்டு வாங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். தடங்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று விரலால் தொடர்ந்து, அணியைத் தாளில் வரையுங்கள். நாற்பது வயதான கணினியைத் தொடும் முன் கை அங்கே பழகட்டும். ரிமோட் பாழானால் நட்டமில்லை.

பழைய பொருளைக் காப்பாற்றுவது வெறும் ஏக்கத்துக்காக மட்டுமன்று. இன்றைய சாதனங்களில் பல, திறக்க முடியாதபடி ஒட்டப்பட்டு வருகின்றன. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. 1980-களின் வீட்டுக் கணினிகளோ திருப்புளிக்குத் திறக்கும். ஒரு விசையை அழுத்தினால் எந்தக் கம்பி எந்தக் கம்பியைத் தொடுகிறது என்பதைக் கண்ணால் காணலாம், அளக்கலாம், கணக்கிடலாம். பாடநூலில் உள்ள ஓமின் விதிக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எளிதில் அமையாது.

ஆகவே அடுத்த முறை யாராவது “விசைப்பலகை போச்சு, தூக்கிப் போடு” என்றால், எந்தெந்த விசைகள் என்று கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் கட்டம் வரையுங்கள். ஐந்து சேர்ந்து போனதா, எட்டு சேர்ந்து போனதா, ஒன்று தனியாகப் போனதா என்று பாருங்கள். பாதிப் பழுது அந்தத் தாளிலேயே சரியாகிவிடும். மீதிப் பாதிக்குத் திருப்புளி போதும்.